மக்கானா: மிதிலைக் குளங்களில் ஒரு நீர்ப்பயிரின் வரலாறு

மக்கானா என்பது பீகார் மாநிலத்தின் வடபகுதியில், குறிப்பாக மிதிலை வட்டாரத்தில், குளங்களிலும் நீர் தேங்கும் தாழ்நிலங்களிலும் விளையும் ஒரு நீர்ப்பயிர் ஆகும். அதன் விதையை வறுத்து உடைத்து எடுக்கும் வெண்ணிறப் பொரிக்கும் அதே பெயர்தான். இந்தியாவில் விளையும் மக்கானாவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பீகாரிலிருந்து வருகிறது. தர்பங்கா, மதுபனி, சகர்சா, சுபௌல், மாதேபுரா, பூர்ணியா, கட்டிகார், அராரியா ஆகிய மாவட்டங்கள் இப்பயிருக்குப் பெயர்பெற்றவை.

நெடுங்காலம் இது நிலமில்லாத மீனவர்களின் பயிராக இருந்தது. நெல்லும் கோதுமையும் விளையாத நீரில் அவர்கள் முக்குளித்து எடுத்த விதை இது. இன்று பெருநகரக் கடைகளில் பல சுவைகள் ஏற்றப்பட்டு உயர்ந்த விலைக்கு விற்கிறது. குளத்திலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து ஏற்றுமதிச் சந்தைக்கும் இப்பயிர் நகர்ந்தபோது அதை வளர்த்தவர்களின் நிலை எவ்வாறு மாறியது என்பதை அறிய, அதன் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

பெயரும் செடியும்

தமிழ்நாட்டுக் கடைகளில் மக்கானாவைத் ‘தாமரை விதை’ என்று எழுதி விற்பதுண்டு. இது தவறு. தாமரை வேறு குடும்பம். மக்கானா அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாமரை விதையும் உண்ணத் தக்கதே என்றாலும் அது இவ்வாறு பொரியாது.

மக்கானாவின் இலை வட்டமானது. நீரின் மேல் படுத்தாற்போல் மிதக்கும். நன்கு வளர்ந்த இலை ஒரு மீட்டருக்கு மேல் விட்டம் கொண்டது. இலையின் இருபுறமும், காம்பிலும், காயின் மேலும் கூரிய முட்கள் உண்டு. பூ ஊதா நிறம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்செடிக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஆங்கிலேயத் தாவரவியலாளர் சாலிஸ்பரி, கிரேக்கப் புராணத்தின் கோர்கன் சகோதரிகளில் ஒருத்தியான யூரியாலேயின் பெயரைப் பேரினத்திற்கு வைத்தார். பார்ப்பவரைக் கல்லாக்கும் அரக்கியர் அவர்கள். அத்துடன் ‘மூர்க்கமான’ என்று பொருள்படும் ‘பெராக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லையும் சேர்த்தார். இச்செடி நிறைந்த குளத்தில் வெறுங்காலுடன் இறங்கியவர் எவரும் அப்பெயரை மிகை என்று சொல்லமாட்டார்.

இது ஓராண்டுப் பயிர். குளத்துச் சேற்றில் கிடக்கும் விதை குளிர்காலத்தில் முளைக்கும். கோடையில் இலைகள் நீர்ப்பரப்பை மூடிவிடும். பூத்துக் காய்த்தபின் காய் நீருக்குள்ளேயே வெடிக்கும். விதைகள் ஓரிரு நாள் மிதந்துவிட்டுப் பிறகு அடியில் அமிழும். பட்டாணி அளவுள்ள, கருமையான, கல்லைப் போல் கடினமான அவ்விதையைக் ‘குரி’ என்பர். அறுவடை என்பது சேற்றில் கிடக்கும் இந்தக் குரியைத் திரட்டுவதே ஆகும். எவ்வளவு திரட்டினாலும் கொஞ்சம் சேற்றில் தங்கிவிடும். அதுவே அடுத்த ஆண்டின் விதைப்பு. ஒருமுறை மக்கானா ஊன்றிய குளத்தில் மறுபடி விதைக்க வேண்டிய தேவை இருப்பதில்லை.

தொல்பழங்காலச் சான்று

மனிதர் இவ்விதையை உண்ணத் தொடங்கியது வேளாண்மைக்கு மிக முந்திய காலத்தில். இஸ்ரேலின் வடபகுதியில், யோர்தான் ஆற்றங்கரையில் உள்ள கெசர் பெனோத் யாகோவ் என்னும் அகழாய்விடத்தில், சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளில் மக்கானா விதைகள் கிடைத்துள்ளன. சிங்காடா எனப்படும் முள்நீர்க்கொட்டையும் அவற்றோடு இருந்தது. இன்று அப்பகுதியில் மக்கானா இல்லை.

இவ்வளவு கடினமான விதையைக் கற்கருவி மனிதர்கள் எவ்வாறு எடுத்து உண்டனர் என்று அறிய, ஆய்வாளர்கள் பீகாருக்கு வந்து மல்லா மீனவர்களின் வேலைமுறையைப் பதிவு செய்தனர். 2014ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் இஸ்ரேலியத் தொல்லியலாளர் நாமா கோரென்-இன்பாருடன், சென்னையிலுள்ள சர்மா மரபுக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரும் பங்கேற்றனர். திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் பழைய கற்கால அகழாய்வு நடத்திய அதே இருவர்தாம் இவர்கள். முக்குளித்தல், திரட்டல், உலர்த்தல், வறுத்தல், உடைத்தல் எனப் பல படிகள் கொண்ட ஒரு தொழில், இடையறாமல் பீகாரில் மட்டும் முழு உருவில் எஞ்சியிருந்ததே அவர்கள் அங்கு வந்ததற்குக் காரணம்.

சீனாவில் இதே செடி பழைய மருந்து நூல்களில் இடம்பெற்றுள்ளது. பூமொட்டின் உருவத்தை வைத்துக் ‘கோழித்தலை’ என்று அங்கே அழைப்பர். சூசோ நகர வட்டாரத்தில் முள்ளில்லாத ஒரு வகையையே வளர்க்கின்றனர். ஆனால் சீனர் பொரிப்பதில்லை. ஓட்டை நீக்கிப் பருப்பைக் கஞ்சியிலும் இனிப்பிலும் சேர்ப்பர். ஜப்பானில் ‘பேய்த்தாமரை’ என்னும் பொருள்படும் பெயரால் அறியப்படும் இச்செடி, அங்கே அருகிவரும் இனங்களுள் ஒன்று. விதையைப் பொரியாக்கும் கலை மிதிலைக்கே உரியது எனலாம்.

மிதிலையின் நீர்

மிதிலை என்றதும் தமிழர்க்குச் சனகனும் சீதையும் நினைவுக்கு வருவர். நிலவியலில் அது இமயத்தின் அடிவாரத்திற்கும் கங்கைக்கும் இடையே உள்ள தட்டையான வண்டல் சமவெளி. நேபாளத்திலிருந்து இறங்கும் கோசி, கமலா, பாக்மதி முதலிய ஆறுகள் மழைக்காலத்தில் கொண்டுவரும் மணல் அவற்றின் படுகையையே மேடாக்கிவிடும். படுகை மேடானால் ஆறு வேறு வழி தேடும். கோசி ஆறு கடந்த இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளில் கிழக்கிலிருந்து மேற்காக நூறு கிலோமீட்டருக்கும் மேல் இடம் மாறியுள்ளது. அது விட்டுச்சென்ற பழைய தடங்களில் நீர் தேங்கியது. தட்டுப் போன்ற இத்தாழ்நிலங்களைச் ‘சௌர்’ என்பர். ஆண்டின் பெரும்பகுதி அவற்றில் நீர் நிற்கும்.

இயற்கை தந்த இந்நீரோடு மனிதர் வெட்டிய குளங்களும் சேர்ந்தன. வீட்டு மனையை வெள்ளத்திற்கு மேலே உயர்த்த மண் வேண்டும். மண் எடுத்த பள்ளம் குளமாகும். இது தவிர, குளம் வெட்டுவது அறமாகவும் கருதப்பட்டது. 1097ஆம் ஆண்டில் நான்யதேவன் தொடங்கிய கர்நாட மரபு மன்னர்கள் முதல் தர்பங்கா சமீன்தார்கள் வரை ஆண்டவர்கள் குளம் வெட்டிப் பெயர் பெற்றனர். தர்பங்கா நகரின் நடுவே அடுத்தடுத்து இருக்கும் ஹராகி, திக்கி, கங்காசாகர் ஆகிய பெருங்குளங்கள் இன்றும் உள்ளன. தமிழ்நாட்டு ஏரி, கரை கட்டி நீரைத் தேக்கி மதகு வழியே வயலுக்கு விடுவது. மிதிலைக் குளம் அப்படியன்று. தரையைத் தோண்டி எடுத்தது. குளிக்க, குடிக்க, மீன் வளர்க்க, மக்கானா விளைவிக்க அந்த நீரே பயன்பட்டது.

மைதிலி மக்கள் தம் நாட்டின் அடையாளமாக வெற்றிலை, மீன், மக்கானா மூன்றையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஐப்பசியை ஒட்டி வரும் சரத்காலப் பௌர்ணமியன்று ‘கோஜாக்ரா’ என்னும் விழா நடைபெறும். அவ்வாண்டு மணமான பெண்ணின் வீட்டார் மணமகன் வீட்டுக்குக் கூடை கூடையாக மக்கானா அனுப்ப, அதை ஊரார்க்குப் பங்கிடுவர். தானியம் தவிர்க்கும் நோன்பு நாட்களில் உண்ணத் தக்கது என்பதால் வட இந்தியா முழுவதும் இதற்குத் தேவை உண்டு. பூசைக்கும் உரியது. குளத்துச் சேற்றிலிருந்து அதை எடுத்துத் தருபவர்கள் சாதி ஏணியில் கீழே வைக்கப்பட்டவர்கள் என்பதை மட்டும் அப்பூசைகள் கண்டுகொள்ளவில்லை.

முக்குளிப்போர்

மல்லா என்பது மிதிலையின் மீனவ, படகோட்டிச் சமூகம். சகானி என்னும் குடும்பப் பெயர் அவர்களிடையே பரவலானது. பெரும்பாலோர்க்கு நிலம் கிடையாது. மீன்பிடியும் மக்கானாவும் அவர்களது வாழ்வாதாரம்.

குளத்தில் அறுவடை ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நடக்கும். அதற்குள் இலைகள் அழுகத் தொடங்கியிருக்கும். எஞ்சிய செடிகளை வெட்டிக் கரையேற்றிய பின் முக்குளிப்போர் இறங்குவர். நீரின் ஆழம் நான்கு முதல் ஆறடி வரை இருக்கும். ஒரு மூங்கிற்கழியைச் சேற்றில் ஊன்றுவர். ஒருவர் மூச்சை அடக்கி அடியில் அமர்ந்து, இரு கைகளாலும் சேற்றை வழித்துக் குரிகளைக் கழியின் அடிப்பக்கம் குவிப்பார். மூச்சு முட்டும்போது மேலே வருவார், மறுபடி இறங்குவார். அடியில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கைகளே கண்கள்.

குவியல் சேர்ந்ததும் மூங்கிலால் முடைந்த கொம்பு வடிவச் சல்லடை இறங்கும். ‘காஞ்ச்’ என்னும் அந்தக் கருவியில் சேற்றோடு குரியை அள்ளி, நீரிலேயே ஆட்டினால் சேறு கரைந்து குரி மட்டும் நிற்கும். பிறகு கழியைப் பிடுங்கிச் சற்றுத் தள்ளி ஊன்றுவர். ஒரு குளத்தை இவ்வாறு முழுதும் துழாவி முடித்தபின் இரண்டாம் முறையும் துழாவுவர். ஒரே முறையில் எல்லாம் அகப்படுவதில்லை.

ஒரு நாளில் பல மணி நேரம் இந்த வேலை நடக்கும். அழுகிய செடிகளின் முட்கள் சேற்றில் கிடக்கும். கைகால்களில் முள் தைப்பதும், தோல் புண்ணாவதும், காதிலும் கண்ணிலும் சேற்றுநீர் புகுவதும் வாடிக்கை. சிறுவயதிலேயே தந்தையுடன் இறங்கிப் பழகியவர்க்கே இது கைவரும். உடல் தளர்ந்தபின் தொடர முடியாது.

பொரித்தல்

குளத்தில் எடுத்த குரியைக் காலால் மிதித்துத் தேய்த்து மேல்தோலை நீக்கிக் கழுவி வெயிலில் உலர்த்துவர். அடுத்து வேறு வேறு கண் அளவுள்ள சல்லடைகளில் சலித்து ஐந்து முதல் ஏழு தரமாகப் பிரிப்பர். சிறியதும் பெரியதும் கலந்து வறுத்தால் சிறியது கருகும், பெரியது வேகாது.

வறுத்தல் இரண்டு முறை நடக்கும். முதலில் இரும்புச் சட்டியில் 250 முதல் 300 பாகை செல்சியசு வெப்பத்தில், கிளறிக்கொண்டே, ஐந்தாறு நிமிடம் வறுப்பர். அப்படியே பொரிக்க முயன்றால் ஓடு உடையும், பொரி விரியாது. எனவே வறுத்த குரியைக் கூடைகளில் இட்டு மூடி இரண்டு மூன்று நாள் வைப்பர். இந்த இடைவேளையில் உள்ளிருக்கும் பருப்பு ஓட்டிலிருந்து விடுபடும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. பிற்கால ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

இரண்டாம் வறுப்பு இன்னும் கடும் சூட்டில், இரண்டு நிமிட அளவே. படபடவென்று ஓசை எழும்போது சட்டியிலிருந்து ஐந்தாறு குரிகளை அள்ளி, கட்டை மேல் வைத்து, மரச்சுத்தியால் ஓங்கி அடிக்க வேண்டும். ஓடு சிதற, உள்ளிருக்கும் மாவுப்பொருள் குபீரென்று விரிந்து வெள்ளைப் பொரியாகும். சூடு ஆறிவிட்டால் அடித்துப் பயனில்லை. அடி மெலிந்தால் ஓடு பிளக்காது; வலுத்தால் பொரி நொறுங்கும். ஒருவர் அள்ள ஒருவர் அடிக்க, பெரும்பாலும் குடும்பமே சேர்ந்து செய்யும் வேலை இது. நெருப்பருகே பல மணி நேரம் அமர்ந்து, கொதிக்கும் குரியைக் கையாள்வதால் விரல்கள் வெந்து காய்த்துப் போகும்.

இத்தொழிலாளரைப் ‘போரி’ என்பர். தமிழின் ‘பொரி’ நினைவுக்கு வந்தாலும் தொடர்பில்லை. உடைத்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது அது. 100 கிலோ குரியிலிருந்து 35 முதல் 40 கிலோ பொரிதான் கிடைக்கும். எஞ்சியது ஓடு. சந்தை விலையைப் பார்த்து வியப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

குளம் யாருடையது

சமீன்தாரி ஆட்சியில் குளங்கள் சமீன்தாருக்கும் ஊரின் மேல்சாதி நிலக்கிழாருக்கும் உரியவை. மல்லாக்கள் குத்தகைக்கோ பங்குக்கோ கூலிக்கோ உழைத்தனர். 1950ஆம் ஆண்டின் பீகார் நிலச்சீர்திருத்தச் சட்டம் சமீன்தாரியை ஒழித்தது. பெருங்குளங்கள் பல அரசின் வசமாயின. தனியார் குளங்கள் அவ்வாறே தொடர்ந்தன.

அரசுக் குளங்களை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடும் முறை வந்தது. 2006ஆம் ஆண்டின் பீகார் மீன் நீர்நிலை மேலாண்மைச் சட்டமும் இம்முறையையே ஏற்றது. ஏட்டில் இது மீனவர்க்குச் சாதகமானதே. ஆனால் குத்தகைத் தொகையை முன்கூட்டிச் செலுத்தச் சாதாரண உறுப்பினரிடம் பணம் இராது. பணம் உள்ளவர் சங்கத்தின் பெயரால் குளத்தை எடுத்து உள்குத்தகைக்கு விடுவதும், வணிகரிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் விளைச்சலை அவர் சொன்ன விலைக்கே தந்துவிடுவதும் வழக்கமாயின. குத்தகைக் காலம் குறுகியதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஆண்டு சேற்றில் விட்ட விதை அடுத்த ஆண்டு யாருக்கு முளைக்கும் என்று தெரியாதபோது, குளத்தை ஆழப்படுத்தவோ களையெடுக்கவோ யாரும் முன்வருவதில்லை.

சங்கங்களில் ஆண்களே உறுப்பினராக இருந்த நிலையில், 1980களின் இறுதியில் விஜி சீனிவாசன் பாட்னாவில் தொடங்கிய ‘அதிதி’ அமைப்பு, மதுபனி மாவட்டத்து மல்லாப் பெண்களைத் தனிச் சங்கங்களாகத் திரட்டிக் குளங்களைக் குத்தகைக்கு எடுக்க உதவியது. உலர்த்துதல், சலித்தல், வறுத்தல் ஆகியவற்றில் பெரும்பங்கு பெண்களுடையது என்பதால் இது இயல்பான அடுத்த படி. ஆயினும் ‘பெண்ணுக்கு ஏன் குளம்’ என்ற கேள்வியை அவர்கள் அலுவலகங்களிலும் ஊரிலும் ஒருசேர எதிர்கொண்டனர்.

கரைகளும் தேங்கிய நீரும்

1950களில் வட பீகாரின் நீரியலே மாறியது. 1954ஆம் ஆண்டு இந்தியாவும் நேபாளமும் கோசித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1955 சனவரியில் ஆற்றின் இருபுறமும் கரை எழுப்பும் பணி தொடங்கியது. வெள்ளத்தைக் கரைகளுக்குள் அடக்கிவிட்டால் வெளியே உள்ள நிலம் காக்கப்படும் என்பது எண்ணம்.

ஆனால் கரை இருவழித் தடை. ஆற்று நீர் வெளியே வராமல் தடுப்பதுபோல், வெளியே பெய்த மழைநீர் ஆற்றில் சேராமலும் தடுத்தது. கரையின் அடியில் கசிந்த நீரும் சேர, ‘காக்கப்பட்ட’ நிலங்களில் ஆண்டு முழுவதும் நீர் நின்றது. பொறியாளர் தினேஷ் குமார் மிஸ்ரா நெடுங்காலம் சுட்டிக்காட்டிவந்த கணக்கு இங்கே குறிப்பிடத்தக்கது: 1952இல் பீகாரில் இருந்த ஆற்றுக்கரைகளின் நீளம் 160 கிலோமீட்டர், பின்னர் அது மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. வெள்ளத்திற்கு ஆட்படும் பரப்பு குறையவில்லை. 1954இல் 25 இலட்சம் ஹெக்டேராக இருந்தது 1994இல் 68.8 இலட்சம் ஹெக்டேராயிற்று. மாநிலத்தில் நீர் தேங்கிக் கெட்ட நிலம் மட்டும் சுமார் 9 இலட்சம் ஹெக்டேர். அதில் பெரும்பகுதி வட பீகாரில் உள்ளது.

நெல் விளைந்த நிலம் போயிற்று. பல குடும்பங்கள் பஞ்சாபுக்கும் தில்லிக்கும் கூலி வேலைக்குச் சென்றன. தேங்கிய நீரை வடிக்கும் திட்டங்கள் ஒருபுறம் இருக்க, அந்நீரிலேயே விளைவிக்கலாம் என்ற எண்ணம் மெல்ல எழுந்தது. மல்லாக்களுக்கு அது புதிய எண்ணம் அன்று.

குளத்திலிருந்து வயலுக்கு

2002ஆம் ஆண்டு தர்பங்காவில் தேசிய மக்கானா ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2005இல், அதன் ‘தேசிய’த் தகுதி நீக்கப்பட்டுப் பாட்னாவிலுள்ள வட்டார ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையாயிற்று. 2023இல்தான் அத்தகுதி திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளிலும் அங்கே பணி நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘சுவர்ண வைதேகி’ என்னும் மேம்பட்ட வகை 2013இல் அங்கிருந்து வெளிவந்தது. வைதேகி என்பது சீதையின் பெயர். மிதிலையின் பயிருக்குப் பொருத்தமான பெயர்தான். சபௌரில் உள்ள பீகார் வேளாண் பல்கலைக்கழகம் ‘சபௌர் மக்கானா-1’ என்னும் மற்றொரு வகையை வெளியிட்டது.

இவற்றைவிடப் பெரிய மாற்றம் வயல்முறை. நான்கைந்து அடி ஆழக் குளத்திற்குப் பதிலாக, வரப்பு கட்டிய தாழ்நிலத்தில் ஓரடி நீர் நிறுத்தி மக்கானாவை நெல்லைப் போல் நாற்றுவிட்டு நடுவதே அது. குளிர்காலத் தொடக்கத்தில் நாற்றங்கால் போட்டு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமார் ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நடுவர். புதிய குளத்தில் நேரடியாகத் தூவ ஹெக்டேருக்கு 80 கிலோ அளவு விதை வேண்டும். நாற்றுமுறையில் 20 கிலோ போதும். அறுவடை முன்னதாகவே முடிந்துவிடுவதால் அதே வயலில் கோதுமையோ தீவனப்பயிரோ எடுக்கலாம். ஆய்வு மையத்தின் கணக்குப்படி, மரபுவழிக் குளத்தில் ஹெக்டேருக்குச் சுமார் இரண்டு டன்னுக்குள் நிற்கும் குரி விளைச்சல், மேம்பட்ட வகையும் வயல்முறையும் சேரும்போது மூன்று டன் அளவை எட்டுகிறது. குளத்தில் வளர்ப்போர்க்கும் ஒரு வழி கூறப்பட்டது: பரப்பில் ஒரு பகுதியை இலை மூடாமல் திறந்துவைத்தால் அங்கே மீன் வளர்க்கலாம், மக்கானா முடிந்தபின் சிங்காடாவும் எடுக்கலாம். ஒரே நீரில் மூன்று வருவாய்.

வயல்முறை வேகமாகப் பரவியது தர்பங்கா, மதுபனியில் அன்று. கிழக்கே பூர்ணியா, கட்டிகார், அராரியா மாவட்டங்களில். ஒருகாலத்தில் சணல் விளைந்த தாழ்நிலங்கள் அவை. சணலுக்கு விலை சரிந்தபின் அங்குள்ள உழவர், மல்லா அல்லாத பல சமூகத்தினர், மக்கானாவுக்கு மாறினர். பூர்ணியாவின் குலாப்பாக் சந்தையும் அருகிலுள்ள ஹர்தாவும் மக்கானா வணிகத்தின் மையங்களாயின.

வயலில் முக்குளிக்க வேண்டியதில்லை. ஓரடி நீரில் குனிந்து நின்று சேற்றை அலசினால் போதும். உடல்நலத்துக்கு இது நல்லதே. ஆனால் முக்குளிக்கும் திறன் இருந்தவரை, குளம் யாருடையதாக இருந்தாலும் மல்லா இல்லாமல் மக்கானா இல்லை. வயலில் அந்நிலை போயிற்று. முதல் தேவை நிலம். அது அவரிடம் இல்லை. வயலைக் குத்தகைக்கு எடுக்கும் மல்லாக் குடும்பங்கள் உண்டு. பீகாரில் நிலக்குத்தகை பெரும்பாலும் வாய்மொழியாகவே நடப்பது. மக்கானா வளர்ப்புக்கு மாநில அரசு செலவில் 75 விழுக்காடு, ஹெக்டேருக்கு 72,750 ரூபாய் வரை, மானியம் அறிவித்தது. அதைப் பெற நில ஆவணமோ எழுதிய குத்தகை ஒப்பந்தமோ காட்ட வேண்டும். எழுதிக் கொடுத்தால் நிலத்தில் உரிமை கேட்பார்களோ என்று நிலக்காரர் அஞ்சுகிறார். மானியம் நிலத்தின் பெயரில் இருப்பவர்க்குப் போகிறது.

பொரிக்கும் கலையை மட்டும் பிறர் இன்னும் முழுதும் கற்கவில்லை. ஆகவே ஆண்டுதோறும் சூலையில் தர்பங்கா, மதுபனி மாவட்டங்களிலிருந்து போரிக் குடும்பங்கள் பாத்திரபண்டங்களுடன் பூர்ணியாவுக்கும் கட்டிகாருக்கும் புறப்படுகின்றன. கொட்டகை போட்டுத் தங்கி, அங்கே விளைந்த குரியைக் கூலிக்குப் பொரித்துத் தந்து, பனிக்காலம் தொடங்கியபின் ஊர் திரும்புகின்றன. பிள்ளைகளின் பள்ளி ஆண்டில் பாதி இதில் கழிகிறது.

பெயர் பற்றிய வழக்கு

புவிசார் குறியீட்டுக்கு முதலில் ‘பீகார் மக்கானா’ என்ற பெயரிலேயே விண்ணப்பம் சென்றது. மிதிலை மக்கள் கடுமையாக எதிர்த்தனர். பெயர் மாற்றப்பட்டு, 2022 ஆகஸ்டில் ‘மிதிலா மக்கானா’வாகப் பதிவாயிற்று. இதற்காகத் தெருவில் இறங்கியவர்களின் உணர்வு உண்மையானதே. ஆயினும் பயிரின் பெயருக்காக எழுந்த குரலில் சிறு பங்காவது குளக் குத்தகைக்காக எழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

2025ஆம் ஆண்டு

2025 பிப்ரவரி 1 அன்று நடுவண் நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பீகாரில் மக்கானா வாரியம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். மதுரையில் பிறந்த அவர் அன்று உடுத்தியிருந்தது மதுபனி ஓவியம் தீட்டிய சேலை. தீட்டிக் கொடுத்தவர் துலாரி தேவி. மதுபனி மாவட்டம் ராந்தி கிராமத்தின் மல்லாக் குடும்பத்தில் பிறந்து, ஓவியர்களின் வீட்டில் வேலைக்குச் சென்ற இடத்தில் ஓவியம் கற்று, 2021இல் பத்மசிறீ விருது பெற்றவர் அவர். சேலையைப் பற்றி நாளேடுகள் நிறைய எழுதின. அச்சேலையைத் தந்தவரும் அன்று அறிவிக்கப்பட்ட பயிரும் ஒரே சமூகத்திலிருந்து வந்ததைச் சிலரே குறிப்பிட்டனர்.

அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று பிரதமர் நரேந்திர மோதி பூர்ணியாவில் தேசிய மக்கானா வாரியத்தைத் தொடங்கிவைத்தார். விளைச்சல், பதப்படுத்தல், தரம் பிரித்தல், விற்பனை ஆகியவற்றை ஒருங்கிணைப்பது அதன் பணி.

பொரிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. லூதியானாவிலுள்ள அறுவடைக்குப் பிந்திய பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த இயந்திரம் வறுத்தலையும் உடைத்தலையும் ஒன்றாகச் செய்கிறது. விரல் வேகும் வேலைக்கு மாற்று வந்ததில் வருந்த எதுவுமில்லை. அதை வாங்குபவர் வணிகராக இருந்தால் போரிக்குக் கூலி போகும்; போரிகளின் குழுவே வாங்கினால் பொரியின் விலை அவர்களிடம் தங்கும். மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சில இடங்களில் இரண்டாவது வழியை முயன்று வருகின்றன. கையால் அடித்த பொரி பெரிதாகவும் நொறுங்காமலும் இருக்கிறது என்று சொல்லி அதற்குக் கூடுதல் விலை தரும் வணிகர் இன்னும் இருப்பதால், குலாப்பாக் சந்தைக்கு வரும் மூட்டைகளில் மரச்சுத்தியின் பொரியும் இயந்திரத்தின் பொரியும் இப்போதைக்கு அருகருகே நிற்கின்றன.